ஐம்பத்தெட்டு

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிவதற்குள் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி சரிந்து விழுந்தாள். சூரன்போர் முடிந்து மூன்றாம் நாள். “சஷ்டி பிடிச்ச புள்ள, பசி மயக்கம்” என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்புக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கிளாஸை வாங்கியவள் குடிக்கவில்லை. “இதுல எவ்வளவு சீனி இருக்கு டீச்சர்?” என்று கேட்டாள்.

மயக்கம் தெளிந்த பிள்ளை தண்ணி கேட்கும், அம்மாவைக் கேட்கும். சீனிக் கணக்குக் கேட்ட பிள்ளையை அன்றுதான் கண்டேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். மழைநாள்தான், ஆனாலும் அந்தக் குளிர் மழையால் வந்த குளிராகத் தெரியவில்லை. முன்னங்கையில் பூனைமயிர் போல மெல்லிய மயிர் படர்ந்திருந்தது.

நான் இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிக்குக் கிட்டவுள்ள ஒரு கலவன் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை. அந்தப் பிள்ளையோடும் அவள் வீட்டோடும் நான் கழித்த ஒரு வருடத்தின் பதிவு இது. எழுதுவதற்கு அவளும் தாயும் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். என் பங்கை மாற்றவில்லை.

தராசு வைத்த வாசல்

அவள் தரம் 10இல் படித்தபோது வழமையான பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்தது. ஆய்வுகூட வாசலில் தராசு. ஒருவர் எடையைப் பார்த்து உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதியது நான். அவளுடைய முறை வந்தபோது “ஐம்பத்தெட்டு” என்ற குரல் வரிசை முழுக்கக் கேட்டது. 156 சென்டிமீற்றர் உயரம், 58 கிலோ. கிலோக் கணக்கிலான எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 23.8. அவளுடைய வயதுக்கான அட்டவணையில் ‘அதிக எடை’ என்ற கோட்டுக்கு மயிரிழை மேலே. அன்று பின்னேரமே பொடியன்கள் அவளை ஐம்பத்தெட்டு என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்னபோது.

இடையில் அவள் மெலிந்தாள். எல்லோருக்கும் சந்தோசம். தமிழ்மொழித் தினப் போட்டி நாடகத்துக்குக் கண்ணகி வேடத்துக்கு ஆள் பார்த்த நேரம், “நல்லா மெலிஞ்சு வடிவா வந்திட்டாய் மகள், நீதான் கண்ணகி” என்று நானே அவளிடம் சொன்னேன். பாராட்டென்று நினைத்துத்தான் சொன்னேன். “அண்டைக்குத்தான் டீச்சர், இன்னும் 5 கிலோ குறைக்கணும் எண்டு நினைச்சன்” என்றாள், பிறகு ஒருநாள். இந்த வசனத்தை எழுதாமல் இந்த ஆய்வை எழுத எனக்கு உரிமையில்லை.

வீடு

அம்மம்மாவின் கைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, நீத்துப்பெட்டியில் பிட்டும் தட்டில் இடியப்பமும் அவித்து ஆறு மணிக்குள் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வளவுக்குள் போனால் அரிசிமா வறுத்த வாசமும் தேங்காய்ப்பூ வாசமும் எந்நேரமும் நிற்கும். தகப்பன் கட்டாரில் வேலை. தாய், அவள், ஒரு தம்பி.

அம்மம்மா 1978ஆம் ஆண்டு சூறாவளியைக் கண்டவர். நவம்பர் 23ஆம் திகதி இரவு. ஓலை வீடு போனதைவிட வளவுத் தென்னைகள் வேரோடு சாய்ந்ததைத்தான் அவர் கூடச் சொல்வார். புதுக்கன்று நட்டுக் காய்க்கும்வரைக்கும் பால் இல்லாத சொதி. பிறகு 1990ஆம் ஆண்டுப் போர். முகாமில் அளந்து போட்ட சோறு. பிறகு சுனாமி. இவ்வளவையும் கடந்து வந்த மனுசிக்கு, ஒரு பிள்ளையின் கன்னம் நிறைந்திருந்தால் இந்த வீட்டில் இன்றைக்குச் சாவு இல்லை, பசி இல்லை என்று அர்த்தம். “நல்லா உடம்பு வச்சிருக்காய்” என்பது அவர் வாயில் ஆசீர்வாதம். “என்னகா, வத்திப் போனாய்?” என்று கேட்டால் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது என்று விளங்கவேண்டும்.

பன்னிரண்டு வயதில் பிள்ளை சாமத்தியப்பட்டபோது இதே வீடு அவளை எப்படிப் பார்த்தது? உழுந்துமாக் களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய். இடுப்பெலும்பு பலமாகவேண்டும் என்று தாய் தன் கையாலேயே ஊட்டினார். அந்த வயதில் பெண்பிள்ளையின் உடம்பில் கொழுப்பு கூடுவது இயற்கை. மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கே அது வேண்டும். மூன்று வருடம் கழித்து அதே தாய், “இரவில சோறு வேணாம், ரெண்டு பிஸ்கட்டோட படு” என்றார்.

தாயைக் குறைசொல்வது லேசு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அவருடைய கதை வேறு. அவர் மெலிந்த உடம்புக்காரி, 50 கிலோவுக்கு மேல் என்றுமே போனதில்லை. 41 வயதில் அவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஊர் நம்பவில்லை. தடித்த பெரியம்மாவுக்கு இல்லாத வருத்தம் ஈர்க்கில் மாதிரி இருப்பவருக்கு எப்படி வரும்? “மெலிஞ்ச எனக்கே வந்தா, தடிச்ச இவளுக்கு எப்ப வரும்?” இந்தப் பயம் அவரைத் தின்றது. மகளின் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தன்னுடைய மெட்போமின் குளிசைதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தப் புதிருக்கு விடை உண்டு. அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜோன் யுட்கினும் 2004இல் தங்கள் இருவருடைய உடம்பையே அளந்து, படத்தோடு லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றுதான், 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தென்னாசிய உடம்பில் கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்திருக்கலாம். ஆசியர்களுக்கு 23ஐயே எச்சரிக்கை எல்லையாகவும், பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீற்றரை எல்லையாகவும் வைப்பதற்கு இதுவே காரணம். தடிப்பும் மெலிவும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய விடயங்களாக இருந்தால், ஊர் வாய்க்கு முன்னால் கிளினிக்கே தேவைப்படாது. அந்தத் தாய்க்கு அவர் வருத்தத்தைச் சொன்ன அன்று இதையும் ஐந்து நிமிடம் இருந்து சொல்லியிருந்தால் மகளின் தட்டில் இவ்வளவு பயம் விழுந்திராது என்று நான் நம்புகிறேன். அவருக்குக் கிடைத்தது “சோத்தைக் குறையுங்க” என்ற ஒரு வரி. வீடு அதை, சோறு நஞ்சு என்று விளங்கிக்கொண்டது.

லண்டன் சின்னம்மா ஒருவரும் உண்டு. வரும்போது உடுப்புகளைக் கொண்டுவந்து, “இது இவளுக்குக் காணாது” என்று எல்லோர் முன்னாலும் திருப்பிப் பெட்டியில் வைத்தார். மாப்பிள்ளைப் பேச்சும் வந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மெலிந்த பிள்ளைதான் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு தலைமுறைக்குள் ‘உடம்பு வைப்பது’ ஆசீர்வாதத்திலிருந்து வசவாகிவிட்டது. எங்கள் ஊருக்கு மட்டும் நடந்த மாற்றம் என்று இதைச் சொல்லமாட்டேன். பீஜித் தீவின் நட்ரோகாப் பகுதியிலும் பருத்த உடம்புதான் அழகு, அக்கறையுள்ள குடும்பத்தின் அடையாளம். அங்கே 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில கிழமைகளிலும் மூன்று வருடம் கழித்தும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பாடசாலை மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார். உணவைப் பற்றிய கோளாறான மனப்பான்மையைக் காட்டும் புள்ளி எடுத்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம். பீஜிப் பிள்ளைகள் பார்த்தது வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியை. எங்கள் பிள்ளைகளின் தலையணைக்குக் கீழே கைத்தொலைபேசி.

இருபத்தேழு நாள்

அவள் எப்படி மெலிந்தாள் என்று வீட்டில் யாரும் ஏன் கேட்கவில்லை? அவளிடம் எப்போதும் நல்ல காரணம் இருந்தது. முதலில் “வயிறு ஊதுது, கேஸ்ட்ரிக்.” ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு தடவை கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்தார்கள். எடை பார்க்கவில்லை. “தடிச்சிடுவன் எண்டு பயம்” என்று அவள் யாரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பசியடக்க நோய் (அனொரெக்சியா நெர்வோசா, சாப்பாட்டை ஒதுக்கி ஆபத்தாக மெலியும் மனநோய்) கண்ட 70 பேரில் 41 பேர் தடிப்பதற்குப் பயப்படுவதாகச் சொல்லவேயில்லை. மேற்கில் எழுதிய பாடநூலை வைத்துப் பார்த்தால் இவர்களைத் தவறவிட்டுவிடுவோம் என்று அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு வாய்த்த பெயர் கேஸ்ட்ரிக் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் விரதம். வெள்ளி பிடித்தாள், பிறகு செவ்வாயும். புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் காப்புக் கட்டி முடியும் கேதாரகௌரி விரதம் 21 நாள். அடுத்த நாளே கந்தசஷ்டி, 6 நாள். இரண்டையும் சேர்த்தால் 27 நாள் தொடர்ச்சியாகச் சாப்பாட்டைக் குறைக்கலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், கோயிலில் நாலு பேர் பாராட்டவும் செய்வார்கள். சஷ்டிக்குப் பாலும் பழமும் எடுக்கலாம் என்று அம்மம்மா வைத்ததில் பாலை அவள் விட்டுவிட்டாள்.

நான் விரதத்துக்கு எதிராக எழுதவில்லை. நானும் கௌரிக் காப்புக் கட்டுகிறவள். எங்கள் விரதத்துக்குப் பாரணை என்றொரு நாள் இருக்கிறது. அன்றைக்கு வாழையிலை போட்டு, பத்துக் கறி வைத்து, வீடே கூடியிருந்து சாப்பிடும். அந்த வருடம் பாரணைச் சோற்றை அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, “நான் பிறகு திங்கிறன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பிறகு அவள் சாப்பிட்டதை யாரும் காணவில்லை.

இன்னொன்றையும் தாய் சொன்னார். இரவு இரண்டு மணிக்கும் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பிக்கு விதம்விதமாகச் செய்து கொடுப்பாள், தான் ஒரு வாய் வைக்கமாட்டாள். “சாப்பாட்டில அவளுக்கு நல்ல விருப்பம் டீச்சர், ஆனா தின்ன மாட்டாள்.” 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர், விருப்பத்தோடு முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் கால்பங்கு இறங்கியது. திடமான மனதுள்ள அந்த ஆட்கள் இரவுபகலாகச் சமையல் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினார்கள், சாப்பாட்டைப் பற்றியே கனாக் கண்டார்கள், எரிந்து விழுந்தார்கள், கூட்டத்தை விட்டு ஒதுங்கினார்கள். பட்டினியே மனதை அப்படி ஆக்குகிறது. இதைத் தாய்க்கு விளக்கிச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, “அப்ப அவள் பிடிவாதக்காரி இல்லையா?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி

விழுந்த அன்றே அவளை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். எடை 42 கிலோ, உயரம் 157. இரண்டு வருடத்துக்குள் 16 கிலோ, அதாவது உடம்பில் கால்பங்குக்கு மேல் போயிருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46. பகல் நேரத்தில் 50க்குக் கீழே இறங்கினால் இந்த வயதுப் பிள்ளைகளை வாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்று ஐந்து மாதம். தாய்க்கு அதுவும் தெரியாது.

எனக்கு உறைத்த விசயம் வேறு. அவளுடைய சுட்டி இப்போது 17. பாடசாலையில் நாங்கள் பார்க்கிற அதே அட்டவணையில், 17 வயதுப் பிள்ளையை ‘மெலிவு’ என்று குறிக்கும் கோட்டுக்கு அவள் இன்னும் இறங்கவில்லை. 23.8இல் ‘அதிக எடை’ என்று குரல் கொடுத்த தாள், உடம்பு இருதயத்தையே மெதுவாக்கிச் சேமித்துக்கொண்டிருந்த நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைய எண்ணைவிட, அந்த எண் எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்பதைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டு எண்களும் எங்கள் பாடசாலையிலேயே இருந்திருக்கலாம், யாராவது இடையில் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுப் பார்த்திருந்தால்.

அம்மம்மா ஓலைப்பெட்டி நிறையப் பிட்டும், சுறாப் புட்டும், முட்டைப் பொரியலும் கொண்டு வந்தார். வைத்தியர் தடுத்தார். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் உலகப்போர் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்கள். “சோத்தைக் குடுத்தா சாவாங்களா?” என்று அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய எழுபது வருட நம்பிக்கையில் விழுந்த அடி அது. ஒன்பது நாள் வாட்டில் இருந்தாள். பிறகு மட்டக்களப்பில் உளநலக் கிளினிக்.

சாப்பாடு

கிளினிக்கில் வீட்டுக்குச் சொன்ன வழி எளிமையானது, நடைமுறையில் கொடுமையானது. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கக் கூடாது. வீட்டின் பெரியவர்கள் தீர்மானிக்கவேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுண்டி. பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும். எடை பார்க்கும்போது அவள் தராசுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும், எண் அவளுக்குச் சொல்லப்படாது. உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் பேசக்கூடாது. “கொஞ்சம் தேறிட்டாய்” என்றுகூடச் சொல்லக்கூடாது.

அம்மம்மாவுக்குப் பொறுப்பைக் கொடுத்தோம். ஊட்டுவது அவருக்குத் தெரிந்த வேலை. பேசாமல் ஊட்டுவதுதான் தெரியாது. “இன்னும் ஒரு வாய், மகள்” என்பதையும் “பார் கழுத்தெலும்பு தெரியுது” என்பதையும் அவர் நாக்கு நுனியில் நிறுத்தப் பழக ஒரு மாதம் எடுத்தது. முதல் கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடு ஒன்றரை மணித்தியாலம். ஒருநாள் தட்டு முற்றத்துக்குப் பறந்தது. சொதியைத் துணியில் பிழிந்து ஒளித்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான். மூன்றாம் மாதம் லண்டனிலிருந்து சின்னம்மா வீடியோவில் கதைத்து, “இப்ப முகம் நல்லா வந்திருக்கு” என்றார். மறுகா ஐந்து நாள் எல்லாம் பழையபடி. சின்னம்மாவோடு கதைக்க என்னை விட்டார்கள். அவர் அழுதார். அவருடைய மகளும் அங்கே இதே போல் இருக்கிறாளாம். இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

பாடசாலையில் நான் ஒரு சின்ன வேலை செய்தேன். 1999இல் போல் ரொசினும் சகாக்களும் அமெரிக்கா, பிரான்ஸ், யப்பான், பெல்ஜியம் ஆகிய நாட்டு மக்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் ஒன்று, சொக்லேட் கேக் என்றதும் எது நினைவில் வருகிறது, குற்ற உணர்வா கொண்டாட்டமா என்பது. அமெரிக்கர்கள் குற்ற உணர்வின் பக்கம் கூடச் சாய்ந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாட்டத்தின் பக்கம். எந்த நாட்டிலும் பெண்களுக்கு ஆண்களைவிடக் கவலை கூட. நான் என் வகுப்பில் தயிர்ச்சட்டியைக் கேட்டேன். வாவியின் மேற்கே, படுவான்கரையிலிருந்து வரும், கத்தியால் வெட்டக்கூடிய எருமைத் தயிர். பெண்பிள்ளைகள் எழுதித் தந்த துண்டுகளில் ‘கொழுப்பு’, ‘பரு வரும்’, ‘வெயிட்’. பொடியன்களின் துண்டுகளில் ‘சீனி’, ‘மாமா வீடு’, ‘இன்னொரு சட்டி’. அதே கேள்வியை அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் எருமைப் பட்டியையும், ஆற்றைக் கடக்கும் தோணியையும், தலையில் சட்டி அடுக்கி வந்த தன் தமையனையும் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார். பேத்தி திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தயிருக்குள் மனிதர்கள் இருப்பது அவளுக்குப் புதினமாக இருந்தது.

அவளோடு கதைத்த இத்தனை நாளிலும் அவள் வாயில் கலோரி வந்தது, கிராம் வந்தது, ருசி என்ற சொல் வரவில்லை. ஐந்தாம் மாதம் ஒருநாள் நான் போயிருந்த நேரம் அம்மம்மா சூடை மீன் ஆணத்தோடு பிட்டு வைத்தார். இரண்டு வாய் தின்றுவிட்டு, “உப்புக் குறைவு” என்றாள். அம்மம்மா திரும்பி என்னைப் பார்த்தார். உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் மாதவிடாய் திரும்பியது. அவளுடைய இன்றைய எடை எனக்குத் தெரியாது, நான் கேட்பதுமில்லை. பரீட்சைக்கு ஒரு வருடம் பிந்திப் படிக்கிறாள். கலியாண வீடுகளில் இன்னும் சாப்பிடமாட்டாள். யாராவது பார்ப்பதுபோல் இருக்கிறதாம். தாய் இப்போது அடுப்படியில் நின்றபடி தின்பதை விட்டு மகளோடு பாயில் இருந்து சாப்பிடுகிறார். சிவப்பரிசிமாப் பிட்டு, மீன், கீரை, இருவருக்கும் ஒரே சாப்பாடு. அவருக்குச் சீனி முழுதாக அடங்கவில்லை, பயமும்தான். சில இரவுகளில் மகள் தூங்கியபின் அவளுடைய மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். தொடக்கத்தில் எந்தப் பயத்தில் தட்டைப் பார்த்தாரோ அதன் மறுபக்கத்தில் இப்போது நிற்கிறார்.

அந்தப் பட்டப்பெயரை முதலில் சொன்ன பொடியனையும் கூப்பிட்டுக் கதைத்தேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அவனை வகுப்பில் ‘நெத்தலி’ என்பார்கள். முதலாம் தவணை முழுக்க உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வீட்டில் காசு கேட்டுச் சண்டை போட்டிருக்கிறான்.

அவளுடைய தம்பி இப்போது தரம் 10. அடுத்த மாதம் எடை பார்க்க வருகிறார்கள். எண்ணை உரக்கச் சொல்லாமல் ஒருவரே பார்த்து எழுத வேண்டும் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார். ஆய்வுகூட வாசலில் மறைப்புக் கட்ட மூன்று மீற்றர் துணி வாங்கி வைத்திருக்கிறேன். கரை அடிக்க வேண்டும்.